நாளைக்கு மழை

போன மாதம் ஒரு ராத்திரி, பத்தரை மணி இருக்கும், அக்கா மகனிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. "மாமா, நாளைக்கு மழை." அவ்வளவுதான். அவன் ஜொகூர் பாருவில் வேலை பார்க்கிறான். நான் ரவாங்கில் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். பகல் முழுக்க வெயில், ராத்திரியும் புழுக்கம், வானத்தில் ஒரு மேகம் இல்லை. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "அங்க மழையா? துணிய எடுத்து உள்ள போட்டானான்னு கேளு" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் சொன்ன மழை ஜொகூரிலும் பெய்யாது, ரவாங்கிலும் பெய்யாது. ஏதோ ஒரு கம்ப்யூட்டருக்குள் பெய்யப் போகிற மழை அது.

ஹாட்ரிக் என்று ஒரு விளையாட்டு. 1997-இல் ஸ்வீடனில் தொடங்கியது. காற்பந்துதான், ஆனால் நாம் பந்தை உதைப்பதில்லை, பொத்தானைத் தட்டி யாரையும் ஓடவிடுவதுமில்லை. சேர்ந்தால் ஒரு டீமைத் தருவார்கள். யாரை இறக்குவது, எதில் பயிற்சி கொடுப்பது, யாரை விற்பது, யாரை வாங்குவது, இதெல்லாம் நம் பாடு. ஆட்டம் எழுத்தாக ஓடும். இன்னார் இன்னாரைத் தாண்டினார், அடித்தார், கோல்கீப்பர் பிடித்தார் என்று வரி வரியாக வரும். ஒரு லீக்கில் 8 டீம், 14 ஆட்டம், சீசனுக்கு 16 வாரம். சனி ஞாயிறில் லீக் ஆட்டம், வாரத்தின் நடுவே இன்னொன்று. இன்றைக்குக் கொடுத்த பயிற்சிக்குப் பலன் தெரிய வாரக்கணக்காகும். "கன்னு நட்டுட்டு பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்திருக்கானுங்க" என்பார் அக்கா. தப்பென்று சொல்ல முடியாது.

இந்த ஆட்டத்தில் மழைக்கு மரியாதை உண்டு. நாளைய வானிலையை முதல் நாளே காட்டிவிடும். ஆட்டக்காரர்களில் சிலருக்குத் தனிக் குணம் இருக்கும். கால் வித்தைக்காரன் வெயிலில் மினுக்குவான், மழையில் சறுக்குவான். உடம்புக்காரன் மழையில் மேலே வருவான், வெயிலில் வாடிவிடுவான். வேகமாக ஓடுகிறவனுக்கு இரண்டுமே ஆகாது. இதை முதன்முதலில் என் மாமாவிடம் விளக்கியபோது அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "இத எழுதுனவன் யாரு? தோட்டத்துல இருந்தவனா?" என்று கேட்டார்.

மாமா, அம்மாவின் தம்பி. ரவாங்கிலிருந்து குவாங் போகிற பக்கம் எங்கள் ரப்பர் தோட்டம் இருந்தது. இப்போது அங்கே மாடி வீடுகள். தோட்டத்தில் அவர் தண்டல். விடியற்காலை பிரட்டுக் களத்தில் நிற்கும்போது முதலில் ஆட்களை எண்ண மாட்டார், வானத்தைப் பார்ப்பார். மரத்துப் பட்டை நனைந்திருந்தால் சீவ முடியாது. வெட்டின கோட்டில் இறங்க வேண்டிய பால் பட்டை முழுக்கப் பரவி, மழைத்தண்ணீரோடு வழிந்து வீணாகப் போகும். அன்றைய வரும்படி போச்சு. பெண்கள் முனகிக்கொண்டே லயத்துக்குத் திரும்புவார்கள். இளவட்டங்களுக்கு மட்டும் உள்ளூரச் சந்தோஷம். அன்றைக்குச் சாயங்காலம் வரை திடல் அவர்களுடையது.

தோட்டத்து டீமுக்கு ஆள் எடுப்பதும் மாமாதான். பதவி என்று ஒன்றும் கிடையாது. கிராணியார் பெயரளவுக்குத் தலைவர், துரை வருஷத்துக்கு ஒரு பந்து தருவார், மற்றதெல்லாம் மாமா. அவரிடம் பள்ளிக்கூட நோட்டு ஒன்று இருந்தது. அட்டையில் வாய்ப்பாடு அச்சடித்த நோட்டு. இடது பக்கம் ஒரு பதினொரு பேர், வலது பக்கம் ஒரு பதினொரு பேர். இடது பக்கம் வெயில் டீம், வலது பக்கம் மழை டீம். நன்றாகக் கால் வித்தை காட்டுகிற பையன்கள் மூன்று பேர் வலது பக்கத்தில் இருக்கவே மாட்டார்கள். அதற்காக அவர்கள் மாமாவிடம் வாரக்கணக்கில் பேசாமல் இருந்ததுண்டு. பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டங்களோடு ஆட்டம் என்றால் லோரியில் போவோம். அந்த ஊருக்கு இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர். 2007-இல் மாற்றினார்கள், மாமா கடைசி வரை மாற்றவில்லை. லோரி ஈஜோக்கைத் தாண்டும்போது மாமா தலையை வெளியே நீட்டி மேற்கே பார்ப்பார். அப்புறம்தான் நோட்டில் எந்தப் பக்கம் என்று முடிவாகும்.

எனக்கு அப்போது பத்துப் பன்னிரண்டு வயது. டீமில் சேர வேண்டும் என்று அவர் பின்னாலேயே சுற்றினேன். புதுப் பையன்களை மாமா முதல் நாளே விளையாட விடமாட்டார். பந்து பொறுக்கவும் விடமாட்டார், அது வேலைக்காரப் பிழைப்பு என்பார். பக்கத்தில் உட்கார வைத்து ஒரு ஆளைக் காட்டுவார். "இன்னிக்கு நீ பந்தப் பாக்காத. அவன மட்டும் பாரு. முடிஞ்சதும் அவன் என்னென்ன செஞ்சான்னு எனக்குச் சொல்லு." எனக்குக் காட்டியது கோல்கீப்பரை.

எங்கள் கோல்கீப்பரை ஸ்பைடர் என்று கூப்பிடுவோம். அந்தக் காலத்தில் சிலாங்கூர் தோட்டங்களில் கை கொஞ்சம் நீளமாக இருந்த கீப்பர் எல்லோருக்கும் அதே பட்டம்தான். அசல் ஸ்பைடர்மேன் ஆர். ஆறுமுகம். சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் கோல் காத்தவர். 1980-இல் மெர்டேக்கா ஸ்டேடியத்தில் தென்கொரியாவை 2-1 என்று ஜெயித்து மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கு இடம் பிடித்தார்களே, அந்த டீமின் கீப்பர். நாடு அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அவர்கள் போகவே இல்லை. 1988 டிசம்பரில் ஒரு சாலை விபத்தில் ஆறுமுகம் செத்துப்போனார். வயது 35. செய்தி வந்த அன்றைக்கு எங்கள் ஸ்பைடர் திடலுக்கு வரவில்லை. கள்ளுக்கடைக்கும் போகவில்லை. லயத்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தான், அவன் கையுறை இரண்டும் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன.

கையுறை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், தோட்டத்தில் மருந்தடிக்கத் தரும் கையுறை.

மாமா அவனைக் காட்டிய அன்றைக்கு நான் அவனை மட்டும் பார்த்தேன். பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது கீப்பருக்கு வேலையில்லை என்று நினைத்திருந்தேன். அவன் ஒரு நிமிஷம் சும்மா நிற்கவில்லை. ஆட்டம் தொடங்குமுன் கோல் நடுவிலிருந்து முன்னால் குதிகாலால் ஒரு கோடு கிழித்தான். திரும்பிப் பார்க்காமலே தான் நடுவில் நிற்கிறோமா என்று தெரிவதற்காக. மழை வலுத்ததும் கோடு சேற்றில் மறைந்துவிட்டது. உடனே கோலுக்குப் பின்னால் கிடந்த, ரப்பர் பால் பிடிக்கும் மங்கு ஒன்றை எடுத்து, கோட்டுக்குச் சற்றுப் பின்னால் நடுவில் கவிழ்த்து வைத்தான். அப்புறம் எத்தனை முறை பின்வாங்கினாலும் குதிகால் மங்கைத் தொட்டதும் நின்றுவிடுவான். ஆட்டம் முடிந்து மாமாவிடம் இதைச் சொன்னேன். நாங்கள் தோற்றோமா ஜெயித்தோமா என்று எனக்கு இன்றைக்கும் ஞாபகமில்லை. மாமா நோட்டை எடுத்து என் பேரை எழுதினார், வலது பக்கம், கடைசியில், பென்சிலால்.

பென்சில் பேனாவாக மாறுவதற்குள் தோட்டம் போய்விட்டது. தொண்ணூறுகளில் ரவாங் சுற்றுவட்டாரத்தில் ஒவ்வொன்றாகத் தோட்டங்கள் விற்றுப்போயின. செரண்டா பக்கம் கார் தொழிற்சாலை வந்தது, எங்கும் தாமான் மேல் தாமான். வெயில் டீம் சுங்கை பூலோவுக்கும் கிள்ளானுக்கும் சிதறியது. மழை டீமில் பாதிப் பேர் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறினார்கள். அதே காலத்தில்தான், 1994-95-இல், காற்பந்து லஞ்ச விவகாரம் வெடித்தது. நாம் கத்திக் கத்தித் தொண்டை வற்றிய ஆட்டங்களில் சில காசுக்கு விற்ற ஆட்டங்கள் என்று தெரிந்தது. எத்தனையோ பேரைத் தடை செய்தார்கள். ஷா ஆலமில் 80 ஆயிரம் பேர் உட்காரும் புது ஸ்டேடியம் திறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மாமா அதற்குள் ஒருமுறைகூடக் கால் வைக்கவில்லை. இப்போது அதை இடித்தும் விட்டார்கள்.

நான் ஹாட்ரிக்கில் சேர்ந்தது 2005-இல், ரவாங் டவுனில் மாடிமேல் ஒரு சீசியில். சைபர் கஃபேயை இங்கே எல்லோரும் சீசி என்றுதான் சொல்வோம். மணிக்கு இரண்டு வெள்ளி. சுற்றிலும் பையன்கள் துப்பாக்கிச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள், என் திரையில் மட்டும் கணக்குப்புத்தகம் மாதிரி எண்ணும் எழுத்தும். கடைக்காரச் சீனர் ஒருநாள் குனிந்து பார்த்துவிட்டு, வருமான வரி கட்டுகிறாயா என்று மலாயில் கேட்டார்.

டீமுக்கு எங்கள் தோட்டத்துப் பேரை வைத்தேன். முதல் மூன்று மாதத்தில் ஒரு புதியவன் செய்யக்கூடிய எல்லாத் தப்பையும் செய்தேன். கையில் கொடுத்த காசு முழுவதையும் 32 வயது ஸ்ட்ரைக்கர் ஒருவன்மேல் கொட்டினேன். ஏலத்தில் கடைசி 3 நிமிஷத்துக்குள் யாராவது விலை கேட்டால் கெடு இன்னும் 3 நிமிஷம் தள்ளிப் போகும். அந்தத் தள்ளித் தள்ளிப் போகிற மூன்று மூன்று நிமிஷத்தில் ரோஷம் ஏறி, சீசிக்கும் கூடுதலாக ஒரு மணி நேரக் காசு கட்டினேன். வாங்கி வந்தவனுக்குச் சம்பளம் வாராவாரம் ஏறியது, ஆட்டம் வாராவாரம் இறங்கியது. புதிய டீமுக்குக் கிடைக்கும் 12 ஆயிரம் பேர் கொள்ளும் ஸ்டேடியமே நிறையவில்லை, நான் அதைப் பெரிதாக்கினேன். வராத ரசிகனின் நாற்காலிக்கும் பராமரிப்புச் செலவு உண்டு என்று அப்புறம்தான் தெரிந்தது. ஒரு வாரம் கோல் அடிக்கப் பயிற்சி, தோற்றால் அடுத்த வாரம் தடுப்புக்குப் பயிற்சி. ஒருவனும் எதிலும் தேறவில்லை. இன்னொன்று: இந்த ஆட்டம்தான் சீசனிலேயே முக்கியம் என்று டீமை உசுப்பிவிட ஒரு வசதி உண்டு. உசுப்பினால் அன்றைக்கு வெறியோடு ஆடுவார்கள், அப்புறம் மனசு விழுந்துவிடும். நான் எல்லா வாரமும் உசுப்பினேன். பிற்பாடு மாமா இதைக் கேட்டு, "தினம் தீபாவளின்னா எவ முறுக்கு சுடுவா?" என்றார்.

எப்படியோ தப்பித்துக் கரையேறினேன். ஏறினதும் மற்றவர்களைக் கரையேற்றும் ஆசை வந்தது. இது எனக்கு மட்டும் வந்த நோயில்லை, அந்த விளையாட்டில் பழையவர்கள் பலருக்கு உண்டு. புதிய டீம் ஒன்று நம் நாட்டுப் பட்டியலில் வந்தால் உடனே மடல் போடுவேன். மூன்று பக்க மடல். நடுக்களம்தான் உயிர், எந்தப் பக்கத்துக்கு எத்தனை வாய்ப்பு கிடைக்கும் என்பதை அதுதான் தீர்மானிக்கும், ஆகவே முதலில் நடுக்களத்துக்கே பயிற்சி கொடு. 17 வயதுப் பையன்களாக வாங்கு, சின்ன வயதில்தான் சீக்கிரம் கற்பார்கள். ஸ்ட்ரைக்கரை இன்றைக்கே விற்றுவிடு. சம்பளக் கணக்கை இந்த அட்டவணையில் போடு. எல்லாம் சரியான ஆலோசனை. இன்றைக்கும் ஒரு வரியை மாற்ற மாட்டேன். பதில் வரும், "நன்றி அண்ணா". ஒரு மாதம் வருவார்கள். அப்புறம் வரமாட்டார்கள். வாரக்கணக்கில் உள்ளே வராதவர்களின் டீமை எடுத்துக்கொண்டு விடுவார்கள். அது ஆளில்லாத டீமாகக் கம்ப்யூட்டர் ஓட்ட ஓடிக்கொண்டிருக்கும். என் லீக்கில் என்னைச் சுற்றி அப்படி ஆளில்லாத டீம்கள், பூட்டிக் கிடக்கும் லயம் மாதிரி. ஒவ்வொன்றிலும் என் மூன்று பக்க மடல் இருக்கும்.

நான் என்ன நினைத்தேன் என்றால், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை. பழையவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம். சௌகரியமான நினைப்பு.

2020 மார்ச் 18-ஆம் தேதி நாட்டையே பூட்டினார்கள். எம்சிஓ. நானும் அக்காவும் அக்கா மகனும் மாமாவும் ஒரே வீட்டில். அத்தை அதற்கு முன்பே போய்விட்டிருந்தார். மாமாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, கண்ணில் ஆபரேஷன் ஆகி ஒரு கறுப்புக் கண்ணாடி. அக்கா மகனுக்கு 14. உலகத்தில் அநேகமாக எங்குமே பந்து உருளவில்லை, டீவியில் பழைய ஆட்டங்களை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பையன் போனையே பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, அவனுக்கும் ஒரு டீம் எடுத்துக் கொடுத்தேன். மூன்று பக்கத்தையும் வாயாலேயே சொன்னேன். நடுக்களம் உயிர் என்றேன். அவன் தலையை ஆட்டினான். மூன்றாம் நாளே திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் மாமா அவனைக் கூப்பிட்டார். "டேய், உன் டீமக் கொண்டா பாப்போம்." பையன் வேண்டாவெறுப்பாகக் கணினியைக் கொண்டுவந்து வைத்தான். மாமாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஒவ்வொருவனுக்கும் திறமை எத்தனை என்று கேட்டார். அந்த விளையாட்டில் திறமையை வார்த்தையாலும் சொல்வார்கள், இல்லவே இல்லை என்பதில் தொடங்கி இருபது படி ஏறித் தெய்வீகம் வரைக்கும் போகும். பையன் அதைத் தமிழில் சொல்லத் திணறினான். மாமா தானே பேர் வைக்க ஆரம்பித்தார். முதல் படி நாசம். அடுத்தது கண்றாவி. அப்புறம் மோசம், சவலை, பத்தாது. ஆறாவது படிக்கு வந்ததும் கொஞ்சம் யோசித்து, "ஒப்பேத்திருவான்" என்றார். ஏழாவது கெட்டி. எட்டு, சூரன். "அதுக்கு மேல நம்ம தோட்டத்துல ஆள் இல்ல, விடு." அப்போ உச்சியில இருக்கிற தெய்வீகம்? "அது முனியாண்டி."

பையன் சிரித்துவிட்டான். மூன்று நாளில் முதல் சிரிப்பு. எங்கள் வீட்டில் இன்றுவரை அந்தப் பேர்கள்தான் புழக்கம். அக்கா வைக்கிற சாம்பாருக்கும் மதிப்பெண் அதில்தான்.

பிறகு மாமா கேட்டார், "உன் கோல்கீப்பர் யாரு?" பையனுக்குத் தெரியவில்லை. தேடிப் பார்த்தான். 17 வயது, திறமை சவலை. "இந்த வாரம் நீ ஸ்கோரைப் பாக்காத. இவன மட்டும் பாரு. ஆட்டம் முடிஞ்சதும் இவன் என்னென்ன செஞ்சான்னு எனக்கு வந்து சொல்லு."

நான் குறுக்கே பேசினேன். வெறும் கீப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தால் டீம் முன்னேறாது மாமா, கீப்பருக்குப் பயிற்சி கொடுத்தால் அது அந்த ஒருவனுக்குத்தான் போகும், மற்ற பத்துப் பேருக்கும் அந்த வாரம் வீண், நடுக்களம் என்றால் ஒரே வாரத்தில் பல பேர் தேறுவார்கள் என்று கணக்குச் சொன்னேன். மாமா கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். "நீ எத்தன பேர ஆட்டத்துக்குக் கொண்டாந்த?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பையன் திரைக்கு முன்னால் உட்கார்ந்து கீப்பரின் பேர் வருகிற வரிக்காகக் காத்திருந்தான். நாலு கோல் வாங்கினார்கள். இரண்டைக் கீப்பர் தடுத்தான். தடுத்த இரண்டையும் பையன் மாமாவிடம் நடித்தே காட்டினான், சோபாவில் விழுந்து. அடுத்த வாரம் பயிற்சியைக் கீப்பருக்கு வைத்தான். நான் வாயைத் திறக்கவில்லை. வாராவாரம் பயிற்சி முடிவு வருகிற நாளில் பாட்டனும் பேரனும் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள், ரேஷன் கடை வாசலில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. ஒரு மாதம் போயிருக்கும். சவலை, பத்தாது ஆனது. வீட்டில் ஒரே கூச்சல். நான் அந்த விளையாட்டில் பதினைந்து வருஷம் இருந்தவன், ஒரு படி ஏறியதற்கு அப்படி ஒரு கூச்சல் போட்டதில்லை. சந்தோஷத்தில் மாமா பையனுக்கு முட்டை அவித்துக் கொடுக்கச் சொன்னார். கீப்பர் தேறினால் முட்டை கொடுப்பது தோட்டத்து வழக்கம். கம்ப்யூட்டருக்குள் இருக்கிறவனுக்குக் கொடுக்க முடியாததால் பையன் தின்றான்.

கீப்பருக்கு ஸ்பைடர் என்று பேர் வந்தது எப்போது என்று ஞாபகமில்லை. திரையில் வேறு ஏதோ பேர். வீட்டில் ஸ்பைடர்தான்.

அதற்கப்புறம்தான் நடுக்களமும் சம்பளக் கணக்கும் பையனாகவே வந்து கேட்டான். ஸ்பைடருக்கு முன்னால் ஒருத்தனும் நிற்கமாட்டேன் என்கிறானே, என்ன செய்வது என்று. மூன்று பக்கத்தில் ஒரு பக்கத்தைச் சொன்னேன். இன்னொரு மாதம் கழித்து இன்னொரு பக்கம். மூன்றாவது பக்கத்தை அவன் இதுவரை கேட்கவில்லை.

மின்சாரம் போன ஒரு ராத்திரியில், அது எம்சிஓ காலத்தில்தான், மாமா பையனுக்குப் பழங்கதை சொன்னார். மலாயாவிலேயே முதன்முதலில் மின்விளக்கு எரிந்தது ரவாங்கில்தான், 1894-இல், லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் சேர்ந்து நடத்திய ஈயச் சுரங்கத்தில். பையன் நம்பவில்லை. "அப்ப நம்ம தோட்டத்துல?" "நமக்கு எஞ்சின் லைட்டு. ராத்திரி பத்து மணிக்கு எஞ்சின நிப்பாட்டிருவான். அதுக்கப்புறம் மண்ணெண்ணெ விளக்குல நான் நோட்டு எழுதுவேன்." எந்த நோட்டு என்று பையன் கேட்டான். மாமா எழுந்துபோய்த் தகரப் பெட்டியைத் திறந்தார். அது இன்னும் இருந்தது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். டார்ச் வெளிச்சத்தில் இடது பக்கம் வெயில், வலது பக்கம் மழை. பென்சிலில் என் பேர். பையன் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்து, "மாமா, நீங்க சப்ஸ்டிட்யூட்டா?" என்றான்.

மாமா 2022-இல் போனார். மழை நாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து தகரப் பெட்டியைப் பிரித்தபோது நோட்டைக் காணோம். யாரும் தேடவில்லை, எங்கே போயிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஹாட்ரிக்கில் ஆட்டக்காரனுக்கு ஒரு சீசனுக்கு, அதாவது 112 நாளைக்கு ஒரு வயது ஏறும். பையன் 14-லிருந்து 20 ஆவதற்குள் ஸ்பைடருக்கு 17 போய் 36 ஆகிவிட்டது. ஒரு காலத்தில் மாமாவின் அளவில் சூரனையும் தாண்டிப் போனவன், இப்போது வாராவாரம் இறங்குகிறான். கணக்குப்படி மூன்று நாலு வருஷத்துக்கு முன்பே விற்றிருக்க வேண்டும், நல்ல விலை போயிருக்கும். நான் அதை ஒரே ஒருமுறை சொன்னேன். பதிலுக்கு அவன் ஒரு போட்டோ அனுப்பினான். ஜொகூரில் அவன் அறை மேஜை, கணினிக்குப் பக்கத்தில் வாய்ப்பாடு அச்சடித்த ஒரு அட்டை. அவன் வேலை பார்க்கிற இடத்தில் இரண்டு பேரை இந்த விளையாட்டில் சேர்த்திருக்கிறானாம். ஒருவன் சபாவிலிருந்து வந்தவன், இன்னொருவன் நேப்பாளத்துப் பையன். என்ன சொல்லிக் கொடுத்தாய் என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல மாமா. கோல்கீப்பரப் பாக்கச் சொல்லியிருக்கேன்."

அந்த ராத்திரி, நாளைக்கு மழை என்று அவன் அனுப்பியதற்கு நான் பதில் தட்டினேன். கால் வித்தைக்காரனை உட்கார வை, நடுவில் உடம்புக்காரனை இறக்கு, கீப்பருக்கும் வயதாகிவிட்டது, அந்தச் சின்னவனை... அனுப்பவில்லை, அழித்துவிட்டேன். அதற்குள் அவனிடமிருந்தே இன்னொன்று வந்திருந்தது.

"வலது பக்கம் போட்டாச்சு. ஸ்பைடர்தான் கோல்."

"துணி எடுத்தானாமா?" என்று அக்கா மறுபடியும் கேட்டார்.

"எடுத்துட்டானாம்" என்றேன்.